களைப்புக்கு நாலு சதவீதம்

கட்டிலிலிருந்து குளியலறைக் கதவுக்குப் பதினோரு அடி. இதை அளந்து சொல்பவர் லேசுப்பட்ட ஆள் இல்லை. சட்டை தைக்கும் ஆலை ஒன்றில் பதினாலு வருடமாக மனிதர்களின் கையையும் காலையும் அளந்து சம்பளம் வாங்கியவர். அந்தப் பதினோரு அடியை நடந்து, பல் துலக்கி, முகம் கழுவி, திரும்பி வந்து கட்டிலில் விழ ஒரு சாதாரண மனிதனுக்கு ஐந்து நிமிடம் போதும். அவருக்கு இருபத்திரண்டு நிமிடம் ஆனது. அதில் ஒன்பது நிமிடம் கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்திருந்தார். வாயில் நுரையோடு வாளிமேல் உட்கார்ந்திருந்த நேரத்தை எந்தக் கட்டத்தில் எழுதுவது, "வேலை" என்ற கட்டத்திலா, "வீண்" என்ற கட்டத்திலா என்று உண்மையாகவே யோசித்தார். ஏழு மாதமாகப் படுக்கையில் கிடக்கும் மனிதனுக்கு வேறு என்ன பொழுதுபோக்கு?

ஆலையில் அவருக்கு வைத்திருந்த பெயர் செகண்டு முள். முதுகுக்குப் பின்னால் வைத்ததுதான், ஆனால் காதுக்கு வராமல் இருக்குமா? மார்போடு அணைத்த அட்டை, அட்டையின் மூலையில் ஸ்டாப்வாட்ச், காதில் செருகிய பென்சில் என்று அவர் படியிறங்கினாலே "முள்ளு வருது, முள்ளு வருது" என்று தையல் மெஷின் வரிசை முழுக்க முணுமுணுப்பு ஓடும். ஒரு பெண் காலரை எடுத்து, சட்டைக் கழுத்தில் பொருத்தி, தைத்து, அடுத்தவள் பக்கம் தள்ளும் வரை எத்தனை விநாடி ஆகிறது என்று பத்துத் தடவை பார்ப்பார். சராசரி எடுப்பார். அதை வைத்து ஒரு மணிக்கு இத்தனை காலர் என்று டார்கெட் போட்டுக் கொடுப்பார்.

சராசரியோடு கொஞ்ச நேரம் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்பது அந்தத் தொழிலின் முறை. தண்ணீர் குடிக்க, கழிவறை போக, அப்புறம் களைப்புக்கு. நின்று செய்யும் வேலையா, கண்ணுக்குச் சிரமமா, காற்றில்லாத இடமா என்று பார்த்துப் பார்த்து இந்தக் களைப்புக் கட்டத்தில் கூட்டிக்கொண்டே போகலாம். நம் ஆள் கூட்டவே மாட்டார். எல்லோருக்கும் நாலு சதவீதம். அதாவது ஒரு மணி நேரத்துக்கு இரண்டு நிமிடம் இருபத்துநாலு விநாடி களைத்துக்கொள்ளலாம். "அதுக்கு மேல வந்தா அது களைப்பு இல்ல, மனசு இல்ல" என்பார். சொல்லிவிட்டு ஒரு சிரிப்பு வேறு. அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் தன் கன்னத்தில் தானே ஓர் அறை விடலாம் போலிருந்தது. கையை ஓங்கினால் தோள்பட்டை இரண்டு நாளைக்கு வலிக்கும் என்பதால் விட்டுவைத்திருந்தார்.

எல்லாம் ஒரு காய்ச்சலில் ஆரம்பித்தது. வீட்டில் இரண்டு பேருக்கும் வந்தது. பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் உட்காரும் அவர் மனைவி ஐந்தாம் நாள் எழுந்து வேலைக்குப் போய்விட்டாள். இவருக்கு ஆறாம் நாள் காய்ச்சல் போனது. கூடவே இன்னும் ஏதோ ஒன்றும் போய்விட்டது. எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தாலும், மூட்டை தூக்கிவிட்டுப் படுத்தவன் பாதியில் எழுப்பப்பட்ட மாதிரி இருந்தது. ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் நின்றால் தலை கிறுகிறுத்தது. கால்கள் கனத்தன. மூளை அதைவிடக் கனத்தது. ஒருநாள் ஸ்டாப்வாட்சைக் காணோம் என்று வீட்டைப் புரட்டிப்போட்டார். இரண்டு நாள் கழித்து அது ஃபிரிட்ஜில் காய்கறித் தட்டில் தக்காளிகளுக்கு நடுவே கிடைத்தது. ஓடிக்கொண்டுதான் இருந்தது, நல்ல மெஷின்.

பரிசோதனை என்று எதை விட்டார்கள்? ரத்தம், சிறுநீர், தைராய்டு, இதயம், நெஞ்சுப் படம், தலைப் படம். எல்லாமே இயல்பு. மூன்றாவது டாக்டர் காகிதக் கட்டைத் திருப்பிக் கொடுத்து, "மனசைச் சந்தோஷமா வச்சுக்கங்க" என்றார். மனைவி அந்தக் கட்டை வாங்கிப் புரட்டினாள்.

"இந்த ரிப்போர்ட்டை வச்சு உங்களுக்கு இன்னொரு பொண்ணே பார்க்கலாங்க" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். படியிறங்கும்போது சிரிப்பை விட்டுவிட்டாள். "உண்மையச் சொல்லுங்க. ஃபேக்டரில ஏதாவது பிரச்சினையா? போகப் பிடிக்கலையா?"

அவருக்குக் கோபம் வரவில்லை என்பதுதான் வேடிக்கை. இவர் இடத்தில் அவள் கட்டிலில் கிடந்து, இவர் அட்டையோடு பக்கத்தில் நின்றிருந்தால் இதைவிட மோசமாக எழுதியிருப்பார். அவர் எழுதும் சொல் அவருக்கே தெரியும். அதைத் தன் கையால் பலபேருக்கு எழுதியிருக்கிறார்.

நாலாவது மாதம் மைத்துனன் வந்தான். மனைவியின் தம்பி. அதிகாலையில் எழுந்து பத்துக் கிலோமீட்டர் ஓடிவிட்டு, ஓடாத மனிதர்களை எல்லாம் பரிதாபமாகப் பார்க்கிற ஜாதி.

"அத்தான், சும்மா படுத்தே கிடந்தா உடம்பு துருப்பிடிச்சிடும். ஞாயித்துக்கிழம என்கூட வாங்க. ஓட வேணாம், நடந்தா போதும்."

அந்த ஞாயிற்றுக்கிழமை பார்த்து உடம்பு ஒரு நாடகம் ஆடியது. கண் விழித்தபோதே லேசாக இருந்தது. தலையில் பஞ்சு இல்லை, காலில் கல் இல்லை. நம் ஆள் துள்ளி எழுந்தார். மைத்துனனோடு மூன்று கிலோமீட்டர் நடந்தார். வந்து சைக்கிளைக் கழுவினார். ஏணி போட்டு மின்விசிறி மூன்றையும் துடைத்தார். மதியம் தூங்கவில்லை. சாயங்காலம் அட்டையை எடுத்து, அன்று செய்ததையெல்லாம் நேரத்தோடு எழுதி, கீழே கோடு போட்டு, "இதுவே என் அளவு. நாளை முதல் குறையக் கூடாது" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். தனக்குத்தானே டார்கெட் போட்டுக்கொண்ட மகிழ்ச்சியில் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். அவளுக்கும் சந்தோஷம். தம்பிக்கு போன் போட்டு, "நீ கெட்டிக்காரன்டா" என்றாள்.

திங்கட்கிழமை ஒன்றும் இல்லை. செவ்வாய்க்கிழமை காலை எழுந்திருக்க முடியவில்லை. முடியவில்லை என்றால், மனம் எழுந்திரு என்கிறது, உடம்பு அதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. ஜன்னல் வெளிச்சம் கண்ணைக் குத்தியது. சமையலறையில் கரண்டி விழுந்த சத்தத்துக்கு உடம்பெல்லாம் வலித்தது. ஒன்பது நாள். டம்ளரைப் பிடிக்கக் கை நிற்காமல், மனைவி ஸ்பூனால் தண்ணீர் புகட்டினாள். மூன்றாம் நாள் அப்படிப் புகட்டிக்கொண்டிருந்தபோது, அவருடைய நெற்றியை மூடியிருந்த முடியை ஒதுக்கிவிட்டு, "நான் உங்கள நம்பாம இருந்துட்டேங்க" என்று அழுதாள். அவருக்கும் அழவேண்டும் போலத்தான் இருந்தது. அதற்கும் தெம்பு வேண்டுமாம், அன்றுதான் தெரிந்தது.

அதன் பிறகு தேடிப்பிடித்துப் போனது ஒரு லேடி டாக்டரிடம். அவர் காகிதக் கட்டைப் பத்து விநாடிதான் பார்த்தார். கதையை நாற்பத்திரண்டு நிமிடம் கேட்டார். நம் ஆள் சும்மா இருப்பாரா, நேரம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். மின்விசிறி துடைத்த இடம் வந்ததும் டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"செஞ்சது ஞாயித்துக்கிழம. விழுந்தது செவ்வாக்கிழம. அப்படித்தானே?"

"ஆமா டாக்டர். அதான் எனக்குச் சந்தேகம், வேற எதனாலயோன்னு."

"வேற எதனாலயும் இல்ல. இது அப்படித்தான் வரும், ஒரு நாள் ரெண்டு நாள் தள்ளி. நாட்பட்ட களைப்பு நோய்னு சொல்லுவாங்க. பேரைக் கேட்டா எல்லாருக்கும் இருக்கிற களைப்பு மாதிரி தெரியும். அதுதான் இதோட துரதிர்ஷ்டம். சாதாரணக் களைப்பு தூங்கினா போகும், இது போகாது. உழைச்சா அடுத்த நாள் இன்னும் கீழ தள்ளும். நிறையப் பேருக்கு ஒரு காய்ச்சலுக்கு அப்புறம் வருது."

"மருந்து?"

"குணமாக்குற மருந்து இன்னைக்கு இல்ல. தூக்கத்துக்கு, வலிக்கு, தலைகிறுகிறுப்புக்குக் கொஞ்சம் உதவி பண்ணலாம். மத்தபடி உங்க உடம்பு எவ்வளவு தாங்கும்னு கண்டுபிடிச்சு, அதுக்கு உள்ளயே இருக்கணும். முக்கியமா நல்லா இருக்கிற நாள்ல." டாக்டர் அவருடைய அட்டையைப் பார்த்தார். "உங்க நல்ல நாளை அளவா வைக்காதீங்க சார். அதுதான் உங்களப் படுக்க வைக்குது."

இதைக் கேட்டுக்கொண்டு வெளியே காத்திருப்புக் கூடத்துக்கு வந்தார். மனைவி மருந்து வாங்கப் போயிருந்தாள். நாற்காலியில் சரிந்து கண்ணை மூடினார். பக்கத்திலிருந்து ஒரு குரல்.

"என்ன சார், முள்ளு நின்னு போச்சா?"

திறந்து பார்த்தால் காலர் அக்கா. ஒரு காலத்தில் அந்த ஆலையிலேயே அவளைப்போல் காலர் வைக்க ஆள் கிடையாது, அதனால் வந்த பெயர். வயதில் அவரைவிட நாலைந்து வருடம் மூத்தவள். ஊரே அக்கா என்று கூப்பிட்டாலும் இவர் மட்டும் "ஏம்மா" என்பார். மூன்று வருடத்துக்கு முன்னால் அவள் வேகம் குறைந்தது. உடம்பு முழுக்க வலிக்கிறது என்றாள். ஆலை பரிசோதித்தது, எல்லாம் இயல்பு. செகண்டு முள் ஒருநாள் பத்து மணிக்கு அவள் பின்னால் நின்று அளந்தார். டார்கெட்டைத் தொட்டுவிட்டாள். அவர் தாளில் களைப்புக் கட்டத்துக்கு எதிரே, "காரணம் இல்லை. மனம் இல்லை" என்று எழுதினார். அந்தத் தாளால் அவளைத் தையல் மெஷினிலிருந்து எழுப்பி, நூல் வெட்டும் மேசைக்கு மாற்றினார்கள். அங்கே நாற்காலி கிடையாது. நாள் முழுக்க நின்றுகொண்டு தைத்த சட்டையில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலை வெட்ட வேண்டும்.

"உங்களுக்கு... இங்க என்ன?" என்று கேட்டார். நாக்கு குழறியது. அசடு வழிந்தது என்று சொன்னாலும் தப்பில்லை.

"ஃபைப்ரோமயால்ஜியா சார். பேரைச் சொல்லிப் பழகவே எனக்கு ஒரு மாசம் ஆச்சு. வலியச் சொல்ற நரம்புங்க ரேடியோவச் சத்தமா வச்ச மாதிரி ஆயிடுச்சாம். போர்வை பட்டாக்கூட வலிக்கும், பஸ் கம்பியப் பிடிச்சா வலிக்கும். உங்களுக்கு?"

அவர் தன்னுடையதைச் சொன்னார். அவள் நோயாளிக்கே உரிய ஆர்வத்தோடு கேட்டாள்.

"அப்ப ரெண்டும் சொந்தக்கார நோய்தான் சார், ஆனா ஒரே ஆள் இல்ல. என்னை மெதுவா நடக்கச் சொன்னாங்க, நடந்தா எனக்குப் பரவாயில்ல. நீங்க அதப் பாத்துட்டு நடக்கக் கிளம்பிடாதீங்க."

"நடந்துட்டுத்தான் இங்க வந்திருக்கேன்" என்றார். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்து முடித்து விலாவைப் பிடித்துக்கொண்டாள்.

அவருக்கு ஒன்று கேட்க வேண்டியிருந்தது. கேட்டார். "அன்னைக்கு நான் அளந்தப்ப நீங்க டார்கெட்ட முடிச்சீங்களே. வலியிருந்தா எப்படி?"

"எப்படின்னா? எல்லாரையும் நீங்க பத்து மணிக்குத்தான அளப்பீங்க? லைனுக்கே தெரியும். மாத்திரை போட்டுக்கிட்டு, பல்லைக் கடிச்சுக்கிட்டு முடிச்சேன். முடிக்கலைன்னா வேலை போயிடும்னு பயம். நாலு மணிக்கு வந்து பாத்திருக்கணும் சார். கழிவறையில உக்காந்து விரலை நீட்ட முடியாம அழுதுட்டிருந்தேன்." இதைக் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. பஸ் நேரம் சொல்வதுபோல் சொன்னாள். அதற்குள் அவளுடைய டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அவருக்கு அன்று இரவெல்லாம் அந்த நாலு மணி குடைந்தது. பதினாலு வருடத்தில் ஒருநாள்கூட நாலு மணிக்கு அளந்ததில்லை. காரணம் பெரிய சதி ஒன்றும் இல்லை. நாலு மணிக்கு அவருக்கே கால் வலிக்கும், அறைக்குப் போய் உட்கார்ந்துவிடுவார்.

ஏழாவது மாதம் ஆலையிலிருந்து கடிதம் வந்தது. விடுப்பு எல்லாம் தீர்ந்தது. குறிப்பிட்ட நாளில் காலை பத்து மணிக்கு மேனேஜர் முன்னும் கம்பெனி டாக்டர் முன்னும் வரவேண்டும். தகுதி உண்டு என்றால் மறுநாளே முழுநேர வேலை, லைனில், நின்றுகொண்டு. மறுத்தால் வேலையிலிருந்து நீக்கம். அவர் கேட்டு எழுதியிருந்தது அரைநாள் வேலை, உட்கார்ந்த வேலை. அது கிடைக்காவிட்டால் இந்த உடம்போடு வேறு யார் வேலை தருவார்கள்? மனைவி கடிதத்தை இரண்டு தடவை படித்து, மடித்து, கண்ணாடிக்குப் பின்னால் செருகினாள்.

அவரும் சும்மா இருக்கவில்லை. இரண்டு வாரம் தன்னைத்தானே அளந்தார். வாளிமேல் உட்கார்ந்த ஒன்பது நிமிடம் உட்பட எல்லாம் எழுதினார். எதைச் செய்தால் எத்தனை மணி நேரம் கழித்து விழுகிறார் என்பதற்குத் தனிக் கட்டம். சட்டை மாட்ட, பட்டன் போட மூன்று நிமிடம் நாற்பது விநாடி. பிறகு இளைப்பாற ஆறு நிமிடம். களைப்புச் சதவீதத்தைக் கணக்குப் போட்டால் நூற்று அறுபத்து நாலு வந்தது. தப்பாகப் போட்டோமோ என்று மூன்று தடவை போட்டுப் பார்த்தார். மூன்று தடவையும் வேறு வேறு விடை வந்தது, ஆனால் ஒன்றுகூட நாலுக்குப் பக்கத்தில் இல்லை.

அந்த நாளுக்கு முன் மூன்று நாள் அசையாமல் படுத்தார், போய்வரத் தெம்பு சேர்க்க. அதோடு விட்டாரா? காலையில் முகச்சவரம் செய்து, தேய்த்த சட்டை போட்டு, ஷூவுக்குப் பாலிஷும் போட்டார்.

"கொஞ்சம் நோயாளி மாதிரி போங்களேன்" என்றாள் மனைவி.

"அழுக்குச் சட்டையோட மேனேஜர் ரூமுக்கா?" என்றார். புத்தி எங்கே போகும்?

கம்பெனி டாக்டர் நாடி பார்த்தார், ரத்த அழுத்தம் பார்த்தார், ஒரு மாடி ஏறி இறங்கச் சொன்னார். மூன்று நாள் சேர்த்த தெம்பு, ஏறி இறங்கிவிட்டார். மேல்படியில் நின்று ஒரு புன்னகை வேறு. இறங்கும்போதே, "அடப்பாவி, சிரிச்சியா?" என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டார். டாக்டர் ஏதோ எழுதி மேனேஜர் பக்கம் தள்ளினார்.

நம் ஆள் தன் தாள்களை எடுத்து வைத்தார். மேனேஜர் நல்லவர்தான். எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தார். பிறகு மேசைக்குள்ளிருந்து ஒரு பழைய கோப்பை எடுத்தார்.

"நம்ம விதி ஒண்ணு இருக்கு, படிக்கிறேன். 'மருத்துவ அறிக்கைகள் இயல்பாக உள்ள ஒருவர், காலை பத்து மணி அளவீட்டில் தம் வேலையை முடித்தால், நாள் முழுவதும் அதைச் செய்யத் தகுதியுள்ளவராகவே கொள்ளப்படுவார். களைப்பு என்ற காரணம் ஏற்கப்படாது.'"

நல்ல தெளிவாக எழுதியிருக்கிறார்கள் என்று மனதுக்குள் பாராட்டினார் நம் ஆள். மூளையில் பஞ்சு அடைத்தவனுக்கு அதுதான் தோன்றும். மேனேஜர் தாளைத் திருப்பிக் காட்டினார். கீழே நம் ஆளுடைய கையெழுத்து, மூன்று வருடத்துக்கு முந்தைய தேதி. கூடவே, இந்த விதி ஏன் தேவை என்பதற்கு உதாரணமாக ஒரு தாள் இணைத்திருந்தது. காலர் அக்காவின் தாள்.

தன்னைத் தூக்கில் போட இவ்வளவு நேர்த்தியாகக் கயிறு திரித்த மனிதன் உலகத்தில் வேறு யாராவது இருப்பானா? அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. கம்பெனி டாக்டர் அதையும் குறித்துக்கொண்டார்.

மேனேஜர் குரலைத் தாழ்த்தினார். "பாருங்க, உங்கள வேலைய விட்டு அனுப்ப எனக்கு மனசு வரல. நீங்க ஆபீசர். உங்களுக்கு மட்டும் தனி அனுமதி வாங்கித் தரேன். அரைநாள், உக்காந்த வேலை. ஆனா விதி அப்படியே இருக்கணும். இல்லன்னா நாளைக்கு லைன் மொத்தமும் களைப்புன்னு வந்து நிக்கும். அதனால, 'விதி சரி, இந்தத் தாளும் சரி, என் விஷயம் மட்டும் தனி'ன்னு இங்க ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

பேனாவைக் கையில் கொடுத்தார். நம் ஆளுக்கு ஆசை வந்தது. கொஞ்சநஞ்ச ஆசை இல்லை. ஒரே ஒரு கையெழுத்து. கண்ணாடிக்குப் பின்னால் செருகிய கடிதம், அதைச் செருகிய கை, எல்லாம் கண்முன் வந்தது. பேனாவைத் தாள்மேல் வைத்தும் விட்டார். அப்போதுதான் பக்கத்திலிருந்த காலர் அக்காவின் தாளில் அந்த நேரம் கண்ணில் பட்டது. காலை 10.05. அவருடைய அழகான எழுத்தில், "மனம் இல்லை."

அளவைத் தாளில் தப்பு வந்தால் அழிக்கக் கூடாது, கிறுக்கக் கூடாது. படிக்கத் தெரியும்படி ஒரே கோடு அடித்து, சரியானதை மேலே எழுதி, பக்கத்தில் முதலெழுத்துப் போட வேண்டும். பதினாலு வருடப் பழக்கம். அந்தப் பழக்கத்தில் கை தானாக நகர்ந்தது என்று சொன்னால் அழகாக இருக்கும், ஆனால் பொய். பயந்துகொண்டேதான் அந்த இரண்டு சொல்லின்மேல் கோடு அடித்தார். மேலே எழுதினார்: "மாலை நாலு மணிக்கு அளக்கவில்லை. அளந்தவர் தவறு." முதலெழுத்தும் போட்டார்.

"என்ன சார் பண்றீங்க?" மேனேஜர் எழுந்தே விட்டார். "இது தப்புன்னா உங்க பதினாலு வருஷத் தாளும் தப்புன்னு ஆகும். தெரியுமா?"

"ஆகலாம் சார். பாதியாவது தப்பா இருக்கும். எந்தப் பாதின்னு சொல்லத்தான் இப்ப மூளை இல்ல." பேனாவை மூடி வைத்தார். "என்னையும் நீங்க பத்து மணிக்குத்தான் பாத்திருக்கீங்க. நாளைக் கழிச்சு வீட்டுக்கு வந்து பாருங்க. இந்தச் சட்டை இருக்காது, இந்தச் சிரிப்பும் இருக்காது."

வாசலில் ஆட்டோவில் காத்திருந்த மனைவி, முகத்தைப் பார்த்ததுமே கேட்டாள். "கையெழுத்துப் போட்டீங்களா?"

"போட்டேன். வேற இடத்துல போட்டுட்டேன்."

வழியெல்லாம் சொல்லி முடித்தார். "உங்களுக்குக் கிறுக்குத்தான் பிடிச்சிருக்கு" என்றாள். வீடு வந்ததும் படுக்கையறை ஜன்னலுக்குத் திரை இழுத்துவிட்டு, ஸ்பூனையும் டம்ளரையும் கட்டிலோரம் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். என்ன வரப்போகிறது என்று இப்போது அவளுக்கும் அத்துபடி.

மூன்றாம் நாள் விழுந்தார், சொல்லிவைத்த மாதிரி. ஒருவரும் வந்து பார்க்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து, மனைவி வேலைக்குப் போயிருந்த ஒரு மத்தியானம் அழைப்பு மணி அடித்தது. "வர்றேன்" என்று குரல் கொடுத்தார். கட்டிலிலிருந்து வாசலுக்கு இருபத்தாறு அடி. சுவரைப் பிடித்து, சாப்பாட்டு மேசையைப் பிடித்து, நடுவில் ஒருமுறை உட்கார்ந்து, கதவைத் திறந்தபோது வெளியே காலர் அக்கா கைப்பேசியில் மணி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆறு நிமிஷம் சார்."

"டார்கெட் எவ்வளவுக்கா?"

முதல்முறையாக அக்கா என்று வந்திருந்தது. அவள் அதைக் கவனித்தாளா இல்லையா என்று தெரியவில்லை. பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். ஆலையின் அறிவிப்புப் பலகையில் ஒட்டியதன் நகல். மாலை நாலு மணி அளவீடு இல்லாத காரணத்தால் பத்து மணி விதி நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது. நூல் வெட்டும் மேசைக்கு எட்டு ஸ்டூல். அவருடைய பெயர் கடைசி வரியில் இருந்தது: மூன்று மாதம் சம்பளமில்லா விடுப்பு, அதன்பின் இடம் இருந்தால் அரைநாள், உட்கார்ந்த வேலை.

"இடம் இருந்தா, பாத்தீங்களா" என்றாள். "எட்டு ஸ்டூலும் நாங்க பிடிச்சாச்சு."

அவர் சிரித்தார். சிரிப்பு பாதியில் உடைந்து அழுகையாகிவிட்டது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, மூக்கு ஒழுக, ஒரு பெரிய மனிதன் அழக்கூடாத விதத்திலெல்லாம் அழுதார். "என்னை மன்னிச்சிடுங்கக்கா. மூணு வருஷம் உங்கள நிக்க வச்சுட்டேன்."

அவள் தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"மூணு வருஷம் நின்னது நின்னதுதான் சார். அது ஒரு நாள்ல போகாது. மன்னிப்ப அப்புறம் பாப்போம்." அவருடைய முழங்கையின் கீழ் கை கொடுத்தாள். வலிக்காத மாதிரி, எங்கே பிடிக்க வேண்டும் என்று தெரிந்து பிடித்தாள். "முதல்ல உக்காருங்க. நின்னுக்கிட்டே மன்னிப்பு கேட்டா நாளைக் கழிச்சு விழுந்துடுவீங்க."

அவர் உட்கார்ந்தார். எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு, அவளும் உட்கார்ந்தாள்.